வேலைக்காரியும் வீட்டுக்காரரும்

கிளிட்டர் நெயில் பாலிஷ் கணினிப் பாதுகாப்புக் கருவியாக விற்கப்படுகிறது என்றால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கும். ஆனால் உண்மை. அமெரிக்காவில் ப்யூரிசம் என்ற நிறுவனம் 'லிப்ரெம்' என்ற பெயரில் மடிக்கணினிகளை விற்கிறது. கூடுதலாகப் பணம் கட்டினால், கணினியை அனுப்புவதற்கு முன் அதன் அடிப்பக்க ஸ்க்ரூவின் தலையில் கிளிட்டர் நெயில் பாலிஷைத் தடவிப் படமெடுப்பார்கள். அந்தப் படம் சங்கேத மின்னஞ்சலில் தனியாக வரும். பெட்டி வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூவையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வழியில் யாராவது திறந்திருந்தால் பூச்சு உடைந்திருக்கும். அதே நிறத்தைக் கடையில் வாங்கி மறுபடி தடவிவிடலாம்தான். ஆனால் துகள்கள் முதலில் விழுந்த இடத்தில் மறுபடி விழாது. ஒருமுறை விழுந்த சிதறல் ஒருமுறைதான்.

இந்த யோசனையை 2013 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் எரிக் மிச்சாட், ரயன் லாக்கி என்ற இரு ஆண்கள் முன்வைத்தார்கள். எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆவணங்களை வெளியிட்ட ஆண்டு அது. அடுத்த ஆண்டு வெளிவந்த கிளென் கிரீன்வால்டின் புத்தகத்தில், வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருந்த கணினிச் சாதனப் பெட்டிகளை உளவுத்துறை ஊழியர்கள் வழியில் நிறுத்திப் பிரிக்கும் புகைப்படம் அச்சாகியிருந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது. பயத்துக்கு மருந்தாக, பெண்களின் ஒப்பனைப் பெட்டியிலிருந்து ஒரு சீசா எடுக்கப்பட்டது. அந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது அது ஒன்றுதான். அதற்குச் சொந்தக்காரியின் பயம் எடுக்கப்படவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் அல்ல. தமிழ் படித்தவள், கவிதை எழுதுகிறவள்; சொற்களை வாசிப்பது என் தொழில். ஆகவே இந்தக் கணினிகளை விற்பவர்கள், செய்பவர்கள் புழங்குகிற சொற்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கிறேன். உரிமையாளர், சுதந்திரம், தூய்மை, எதிரி. எல்லாமே நமக்கு வேறு இடங்களிலிருந்து நன்றாகத் தெரிந்த சொற்கள்.

முதலில் அவர்கள் விற்பது என்ன என்று பார்ப்போம். பொத்தானை அழுத்தியதும் விண்டோஸோ லினக்ஸோ திரையில் வருவதற்கு முன் சில நொடிகள் கணினி இருட்டில் ஏதோ செய்கிறது. தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சிப்பில் எழுதப்பட்ட நிரல் அப்போது ஓடுகிறது; நினைவகத்தை எழுப்புகிறது, வட்டைத் தேடுகிறது, பிறகு பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இதைத்தான் பூட் ஃபர்ம்வேர் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் ஓடுவதால் எல்லாவற்றையும் விட அதிகாரம் உள்ளது. பெரும்பாலான கணினிகளில் அதன் மூலநிரல் வாங்கியவருக்குக் கிடைக்காது. அதற்கு மாற்றாக, யாரும் படிக்கவும் திருத்தவும் கூடிய நிரலாக வந்தது கோர்பூட். 1999இல் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் ரான் மின்னிக் அதைத் தொடங்கிய இடம் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகம். ஆம், அணுகுண்டு பிறந்த அதே லாஸ் அலமாஸ். தூய்மையைப் பற்றிப் பிறகு பேசப்போவதால் இதை இங்கேயே குறித்து வைக்கிறேன்.

ஃபர்ம்வேரைத் திறந்தாலும் கதை முடியவில்லை. 2000களின் நடுவிலிருந்து இன்டெல் தன் சிப்செட்டுகளுக்குள் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்ற இன்னொரு குட்டிக் கணினியை வைத்து விற்கிறது. நாம் இயக்கும் கணினிக்குள் நாம் இயக்காத ஒரு கணினி. 2017இல், அதன் புதிய பதிப்புகளில் ஓடுவது தான் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ் என்பதைத் தெரிந்துகொண்ட பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், இன்டெலுக்குத் திறந்த கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாசிட்டிவ் டெக்னாலஜிஸ் நிறுவன ஆய்வாளர்கள், இந்த எஞ்சினைத் தொடக்கத்திலேயே முடக்கிவிடும் மறைவான ஒற்றை அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அது அமெரிக்க அரசின் உயர்பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக வைக்கப்பட்டது என்பதை இன்டெலும் ஒத்துக்கொண்டது. அதாவது, அணைக்கும் விசை இருந்தது. அரசு கேட்டதால் இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே சொல்லப்படவில்லை. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ப்யூரிசமும், டென்வர் நகரத்து சிஸ்டம்76 நிறுவனமும் தங்கள் கணினிகளில் இந்த எஞ்சினை முடக்கித் தருவதாக அறிவித்தன. இந்த வியாபாரத்தின் நியாயம் இதில்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

இதெல்லாம் ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஒரு பெண்ணின் உடலையே சாட்சியாகச் சொல்லலாம். கேரன் சாண்ட்லர் அமெரிக்க வழக்கறிஞர். கட்டற்ற மென்பொருளுக்கான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியின் தலைவர். பிறவி இதயக் கோளாறு காரணமாக அவர் நெஞ்சுக்குள் ஒரு டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. இதயம் ஆபத்தான தாளத்தில் துடித்தால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி அது. பொருத்துவதற்கு முன் அதில் ஓடும் நிரலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு கருவுற்றார். கர்ப்பத்தில் படபடப்பு வருவது இயல்பு. கருவி அதை ஆபத்து என்று புரிந்துகொண்டு, தேவையில்லாமல் அவருக்கு அதிர்ச்சி கொடுத்தது. கருவியைத் திருத்த முடியாததால் அவர் இதயத் துடிப்பைக் குறைக்க மருந்து சாப்பிட்டார். பலமுறை மேடைகளில் அவரே சொன்ன செய்தி இது. நிரலை எழுதியவர்களின் மனத்தில் கர்ப்பிணி ஒருத்தி இல்லை. மூடிய நிரல் என்பதற்குப் பெண்ணியத்தில் இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது எதிரிக்கு வருகிறேன். கணினியைத் தனியாக விட்டுப் போன நேரத்தில் அதைத் தொட்டு, ஃபர்ம்வேரையோ தொடக்க நிரலையோ மாற்றிவிட்டுப் போவது ஒரு வகைத் தாக்குதல். அதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால், 'கெட்ட வேலைக்காரித் தாக்குதல்'. 2009 அக்டோபரில் போலந்து ஆய்வாளர் யோவானா ருட்கோவ்ஸ்கா இதைச் செய்துகாட்டி இந்தப் பெயரில் எழுதினார். நீங்கள் ஓட்டல் அறையில் கணினியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண் ஒரு யுஎஸ்பியைச் செருகுகிறாள். ஓரிரு நிமிடம் போதும். நீங்கள் திரும்பி வந்து வட்டைத் திறக்கும் கடவுச்சொல்லைத் தட்டும்போது அது பதிவாகிறது. மறுநாள் அவள் வந்து எடுத்துக்கொள்கிறாள். அதன் பிறகு இந்தத் துறையின் கட்டுரைகள், விளம்பரங்கள், கையேடுகள் எல்லாவற்றிலும் இந்த வேலைக்காரி குடியேறிவிட்டாள். நெயில் பாலிஷ் அவளுக்கு எதிராகத்தான் தடவப்படுகிறது.

பெயரை வைத்தவர் ஒரு பெண் என்பதால் சொல்லின் பால் மாறிவிடாது. அது வெறும் உருவகம், உண்மையில் உளவாளியைத்தான் குறிக்கிறது என்பார்கள். உளவாளியைக் குறிக்கிறது என்றால் உளவாளி என்றே சொல்லியிருக்கலாம். எதிரி என்றதும் கற்பனையில் வந்து நின்றவள் துடைப்பமும் வாளியும் பிடித்தவள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அறையில் சாவி போட்டு நுழையும் உரிமை அவளுக்கு வேலையின் பொருட்டு இருக்கிறது. அந்த உரிமையே சந்தேகமாகிறது. நம் நகரங்களின் அடுக்ககங்களில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் உள்ளே வருவதும் போவதும் செயலியில் பதிவாகின்றன; போகும்போது பை சோதிக்கப்படுகிறது; சில இடங்களில் அவர்களுக்குத் தனி லிஃப்ட். கண்காணிப்பிலிருந்து விடுதலை தருவதாகச் சொல்லும் ஒரு வியாபாரம், தன் சொல்லகராதியில் மிக அதிகமாகக் கண்காணிக்கப்படும் பெண்ணையே கண்காணிப்பாளராக வரைந்து வைத்திருக்கிறது.

ஓட்டல் அறைக்குள் யாரால் யாருக்கு ஆபத்து என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. சிகாகோ ஓட்டல் தொழிலாளர் சங்கம் 2016இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்த ஓட்டல் பணியாளர்களில் 58 விழுக்காட்டினர் விருந்தினரால் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதன் பின் 2017 அக்டோபரில் சிகாகோ நகரமன்றம் சட்டம் செய்தது: அறைகளில் தனியாக வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அபாய அறிவிப்புப் பொத்தான் கொடுக்க வேண்டும். அவள் இடுப்பில் செருகியிருப்பது யுஎஸ்பி அல்ல, அந்தப் பொத்தான்.

ஆனால் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தாக்குதலை மட்டும் பாருங்கள். கணினியைத் தனியாக விட்டுப் போகிற நேரம். பக்கத்தில் இருக்கிற ஒரு கை. ஓரிரு நிமிடம். கடவுச்சொல்லைத் தெரிந்துகொள்ளும் ஆசை. நாம் தெரிந்துவைத்திருக்கிற பெண்களின் வாழ்க்கையில் அந்தக் கை யாருடையது? தமிழில் அவருக்கு அழகான பெயர் இருக்கிறது. மனைவி தன் கணவரைப் பிறரிடம் குறிப்பிடும்போது 'எங்க வீட்டுக்காரர்' என்பாள். வாடகைக்கு வீடு விட்டவரையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். வேலைக்காரி, வீட்டுக்காரர்: ஒரே விகுதி, ஒருத்திக்கு வேலை சொந்தம், ஒருவருக்கு வீடு சொந்தம். பாதுகாப்புத் துறையின் கற்பனை முதலாமவளைப் பிடித்துக்கொண்டு இரண்டாமவரைத் தவறவிட்டது. 'கெட்ட வீட்டுக்காரர் தாக்குதல்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இது சொல் விளையாட்டு அல்ல. எதிரியின் பெயர் தவறினால் பூட்டும் தவறான கதவில் மாட்டப்படுகிறது. டிரமெல் ஹட்சன் 2016இல் அறிமுகப்படுத்திய 'ஹெட்ஸ்' என்ற திறந்த ஃபர்ம்வேரை எடுத்துக்கொள்வோம். கோர்பூட்டின் மேல் ஓடுவது. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் தன் தொடக்க நிரல் மாறவில்லை என்பதை அது நிரூபித்தாக வேண்டும். ப்யூரிசமும் பெர்லினின் நைட்ரோகீ நிறுவனமும் இதனுடன் ஒரு சிறிய யுஎஸ்பி சாவியும் தருகிறார்கள். எல்லாம் சரியென்றால் சாவியில் பச்சை விளக்கு, யாரோ தொட்டிருந்தால் சிவப்பு. நேர்த்தியான வேலை. எந்தக் கணித அறிவும் இல்லாமல் ஒரு பெண் அந்த விளக்கைப் படிக்க முடியும். ஆனால் 2018இல் டயானா ஃப்ரீடும் நிக்கோலா டெல்லும் சக ஆய்வாளர்களும் நியூயார்க் நகரில் துணைவரின் வன்முறையிலிருந்து மீண்ட 39 பேரிடமும் அவர்களுக்கு உதவும் 50 பணியாளர்களிடமும் பேசி எழுதிய ஆய்வு சொல்வது வேறு. துன்புறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்நுட்ப வல்லவர்கள் அல்லர். அவர்கள் எதையும் உடைத்து நுழைவதில்லை. சாதனத்தை வாங்கிக் கொடுத்தவர் அவர். குடும்பக் கணக்கு அவர் பெயரில். கடவுச்சொல் அவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் மிரட்டிக் கேட்டுவிடுவார். மற்ற எல்லோரையும் போலவே திரையைத் தட்டி உள்ளே போகிறார்.

அவர் உள்ளே போகும்போது பச்சை விளக்குத்தான் எரியும். ஃபர்ம்வேர் மாறவில்லை, ஸ்க்ரூவின் நெயில் பாலிஷ் கலையவில்லை. வடிவமைத்தவர்கள் விரும்பியபடியே எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

நம் பக்கத்துச் செய்தி இன்னும் சிக்கலானது. அதே 2018இல் நித்யா சாம்பசிவனும் சக ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் பெண்களாகத் தங்களை அடையாளப்படுத்திய 199 பேரிடம் கைபேசியைப் பற்றிக் கேட்டார்கள். அந்தரங்கம் என்பது தங்களுக்கானது அல்ல, பணக்காரப் பெண்களுக்கானது என்று சொன்னவர்கள் இருந்தார்கள்; ஆய்வின் தலைப்பே அந்தப் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. கணவன், குழந்தை, மாமியார் யார் கேட்டாலும் போனைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுப்பதே குற்ற ஒப்புதல். ஆகவே அவர்கள் முழுப் போனைப் பூட்டுவதை விட ஒரு செயலியை மட்டும் பூட்டுகிறார்கள், ஓர் உரையாடலை மட்டும் அழிக்கிறார்கள், சிலவற்றைப் போனில் தேடுவதையே தவிர்க்கிறார்கள். போன் திறந்திருப்பதுபோல் தெரிய வேண்டும், திறந்திருக்கவும் கூடாது. இதை வேலை என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த நிலையில் பளபளக்கும் ஸ்க்ரூவைக் கொண்ட கணினி பாதுகாப்பா, வம்பா? முதுகலை வகுப்பில் நெயில் பாலிஷ் உத்தியை விளக்கியபோது பின் வரிசையிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "அந்த ஸ்க்ரூ போட்டோவ எந்தப் போன்லம்மா வச்சுக்கிறது?" அவளுக்குத் திருமணமாகி ஓராண்டு. ஹாம்பர்க் மாநாட்டு உரைக்கு அடுத்து எழுந்திருக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒப்பிடுவதற்கான படம் இல்லாமல் பூச்சுக்குப் பயனில்லை. படத்தை ஒளித்து வைக்க இன்னொரு பத்திரமான சாதனம் வேண்டும். அந்தச் சாதனத்துக்கும் ஒரு வீட்டுக்காரர் இருப்பார்.

இவர்களின் சரக்கில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் பிடித்தது லிப்ரெம் கணினியிலுள்ள இரண்டு சிறு விசைகள். ஒன்று கேமராவுக்கும் மைக்குக்கும், மற்றொன்று வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும். தள்ளினால் மின்சாரமே துண்டிக்கப்படுகிறது. நிரல் பொய் சொல்ல வழியில்லை. கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம், யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. கொரோனா காலத்து இணைய வகுப்புகளில் என் மாணவிகள் பலர் கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். அதுவும் அதே விசைதான், ஓர் அட்டை பொட்டின் விலையில். லிப்ரெமின் விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

அடுத்த சொல், உரிமையாளர். கணினி அதைச் செய்த நிறுவனத்துக்கோ அரசுக்கோ அல்ல, உரிமையாளருக்கே கட்டுப்பட வேண்டும் என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் ஒன்றாகக் குழப்புவதால் அவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று நம் கணித்தமிழ் ஆர்வலர்கள் வைத்த பெயர் மூலத்தை விடத் தெளிவானது. ஆனால் மென்பொருளுக்குக் கிடைத்த பெருமை பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. கட்டுக்கடங்காதவள் என்பது இன்றும் வசைதான்.

தமிழ்நாட்டு மாணவிகளின் கையில் கட்டற்ற மென்பொருள் பெரிய அளவில் சேர்ந்த தருணம் ஒன்று உண்டு. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மூலநிரல் உரிமை, படிக்கும் உரிமை, திருத்தும் உரிமை எல்லாம் சட்டப்படி அந்தப் பெண்ணுக்கு உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம் "உன் லேப்டாப் எங்கே?" என்று கேட்டால் எனக்கு அடிக்கடி கிடைத்த பதில், "அண்ணன்ட்ட இருக்கும்மா." அரசு அவள் பெயரில் கொடுத்தது, வீடு அவனிடம் கொடுத்தது. கட்டற்ற மென்பொருளின் உரிமப் பத்திரத்தில் இதற்கு ஒரு பிரிவு இல்லை. உரிமையாளர் என்ற சொல்லை அந்தப் பத்திரம் கேள்வி கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. அந்த உரிமைகளை வகுத்த ரிச்சர்ட் ஸ்டால்மன், எப்ஸ்டீன் வழக்கையொட்டிய தன் மின்னஞ்சல் கருத்துகளால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2019இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைமையிலிருந்து விலகி, 2021இல் அதன் ஆட்சிக் குழுவுக்குத் திரும்பினார் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போனால் வாசிப்பு முழுமையாகாது.

இனி தூய்மை. ப்யூரிசம் என்றால் தூய்மைவாதம். 2014இல் டாட் வீவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அவர் விரும்பி வைத்த பெயர். தமிழ்த் துறைக்காரியான எனக்கு அதைக் கேட்டதும் தனித்தமிழ் நினைவுக்கு வரும். மறைமலையடிகளும், வடசொற்களை எடுத்துத் தமிழ்ச் சொற்களை அருகில் அடுக்கிய நீலாம்பிகை அம்மையாரும் வருவார்கள். அந்தத் தூய்மை ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்தது. அதன் மதிப்பை நான் அறிவேன். ஆனால் பெண்ணாக எனக்கு அந்தச் சொல் வேறு வாசலிலும் வருகிறது. 'மடிக்கணினி' என்று நாம் தெரியாமல் வைத்த பெயரில் கூட இரண்டு மடி இருக்கிறது. ஒன்று உட்கார்ந்தால் அமைவது. மற்றொன்று, தொட்டால் போய்விடுவது. மாதத்தில் மூன்று நாள் நம்மை வெளியே உட்கார வைத்தது. சில சாதிகளை எந்த நாளும் உள்ளே விடாதது.

ஒரு கணினியில் மூடிய நிரல் ஒரு துளி இருந்தாலும் தீட்டு என்கிற பார்வை இந்த இயக்கத்தில் வலுவாக இருந்தது. தீட்டுக்குப் பரிகாரமும் இருந்தது. மூடிய நிரல் மாற்ற முடியாதபடி சிப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் கண்டுகொள்ள வேண்டாம்; வெளியிலிருந்து ஏற்றப்பட்டால்தான் தீட்டு. ஆசாரங்களின் தர்க்கம் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் போலிருக்கிறது. இதில் வேடிக்கை, தூய்மையைப் பெயரிலேயே வைத்த ப்யூரிசத்தின் கணினிகளில் இன்டெல் தரும் மூடிய துண்டு ஒன்று கோர்பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது இல்லாமல் புதிய இன்டெல் சிப்பு எழுந்திருக்காது. அவர்களின் இயங்குதளமான ப்யூர்ஓஎஸ்ஸுக்கு 2017இல் அறக்கட்டளையின் அங்கீகாரம் கிடைத்தது. லிப்ரெம் மடிக்கணினிக்கு அதன் சான்றிதழ் கிடைக்கவில்லை. நான் இதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உலகம் அப்படித்தான் கலந்து கிடக்கிறது. பெயரைத்தான் குறை சொல்வேன்.

வேலைக்காரிக்குப் பெயர் வைத்த அதே ருட்கோவ்ஸ்கா, க்யூப்ஸ் என்ற இயங்குதளத்தையும் உருவாக்கினார். அதன் முதல் பதிப்பு 2012இல் வந்தது. அது தூய்மையை நம்புவதில்லை. எந்த நிரலும் ஒருநாள் கெடும் என்று ஒத்துக்கொண்டு தொடங்குகிறது. ஆகவே ஒரே கணினியைப் பல அறைகளாகத் தடுக்கிறது: அலுவலகத்துக்கு ஓர் அறை, வங்கிக்கு ஓர் அறை, நம்பிக்கையில்லாத கோப்புகளுக்கு ஓர் அறை, பயன்படுத்தியதும் இடித்துவிடும் தற்காலிக அறையும் உண்டு. ஒவ்வொரு சன்னலைச் சுற்றியும் ஒரு நிறக் கரை. ஓர் அறை கெட்டால் மற்றவை பிழைக்கும். சாம்பசிவனின் ஆய்வில் வரும் பெண்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மாமியாருக்கு ஒரு திரை, தோழிக்கு ஒரு திரை. அவர்களுக்கு அதை மென்பொருளாக எழுதிக் கொடுக்க யாரும் வரவில்லை என்பதுதான் வித்தியாசம். பெயர் வைத்ததில் சறுக்கிய ருட்கோவ்ஸ்காவை, இந்தக் கட்டடத்துக்காக மதிக்கிறேன்.

லியா ரோவ் என்ற பெயரோடு முடிக்கலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த திருநங்கை. பழைய திங்க்பேட் எக்ஸ்60 கணினிகளை வாங்கி, மூடிய ஃபர்ம்வேரை நீக்கி, கோர்பூட்டைத் துப்புரவாக்கி ஏற்றி விற்ற 'குளுக்ளுக்' என்ற சிறு கடை அவருடையது. பயனர் சுதந்திரத்தை மதிக்கும் மடிக்கணினி என்ற அறக்கட்டளைச் சான்றிதழ் 2013 டிசம்பரில் முதன்முதலாகக் கிடைத்தது அந்தக் கடைக்குத்தான். பெருமுதலீட்டு நிறுவனம் எதற்கும் அல்ல. 2015இல், மேனேஜ்மென்ட் எஞ்சினை முற்றாக நீக்கிய எக்ஸ்200க்கும் கிடைத்தது. அவருடைய 'லிப்ரபூட்' நிரல் பல ஆண்டுகள் கடும் ஆசாரத்தோடு இருந்தது. ஒரு துளி மூடிய நிரலும் கிடையாது என்ற விதியால், 2008ஆம் ஆண்டு வாக்கில் வந்த சில கணினிகளைத் தாண்டி அதனால் அதிகம் நகர முடியவில்லை. 2022 நவம்பரில் விதியைத் தளர்த்தினார்: மூடிய துண்டுகளை முடிந்தவரை குறைப்பது, அவை இல்லாமல் ஓடவே ஓடாது என்கிற இடத்தில் மட்டும் அனுமதிப்பது. கொதித்தவர்கள் இருந்தார்கள், பழைய ஆசாரத்தைக் காக்கத் தனி நிரலே பிரிந்து போனது. ஆனால் லிப்ரபூட் ஓடக்கூடிய கணினிகளின் பட்டியல் நீண்டது. அலுவலகங்கள் கழித்துக்கட்டி, செகண்ட்-ஹேண்ட் கடைகளில் வந்து குவியும் வகைகள் அதில் சேர்ந்தன. பொதுவாக இவற்றில் நிரலை ஏற்ற ஸ்க்ரூக்களைக் கழற்றி, சிப்பைத் தேடி, அதன் எட்டுக் கால்களில் ஒரு கிளிப்பைக் கவ்வ வைத்து, இன்னொரு சிறு கணினியிலிருந்து எழுத வேண்டும். 2023இல் பட்டியலில் சேர்ந்த டெல் லாட்டிட்யூட் இ6400 என்ற பழைய மாதிரிக்கு அதுவும் வேண்டாம். விசைப்பலகையிலிருந்தே ஏற்றிவிடலாம், ஒரு ஸ்க்ரூவையும் தொட வேண்டியதில்லை.